தொழில் மேதை ஜி. டி. நாயுடு

தொழில் நாடி வந்து பாண்டுப்பில் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களில், தேர்வில் தவறிய பிள்ளையை இனி எதற்கும் உதவாதவன் என்று ஒதுக்கும் வழக்கம் இன்னும் மறைந்தபாடில்லை. அத்தகைய பெற்றோர் அறிய வேண்டியது கோவைத் தொழில் மேதை ஜி. டி. நாயுடு அவர்களின் வரலாறாகும்.

அன்னார் 1893-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள், கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் உழவர் குடியில் தோன்றினார். பள்ளிக் கல்வி தொடக்க வகுப்புகளோடு நின்றது. ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஏறிவந்த மோட்டார் சைக்கிள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. கோவையில் உணவு விடுதியொன்றில் பணியாளாக அமர்ந்து, பணம் சேர்த்து அதனை வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றிப் பெருமை கொள்ளவில்லை. உறுப்பு உறுப்பாகக் கழற்றி, மீண்டும் பூட்டினார். அவர் பயின்ற பொறியியற் கல்வி அதுவேயாம்.

1920-இல் ஒரே பேருந்தைக் கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டுநராகித் தொழில் தொடங்கினார். அது யு.எம்.எஸ். என்னும் பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1937-இல் பாலசுந்தரம் நாயுடு அவர்களுடன் சேர்ந்து பீளமேட்டில் மின்மோட்டார் செய்தளித்தார். இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் என அது போற்றப்படுகிறது. மாடு பூட்டிக் கவலை இறைத்த கொங்கு நாட்டில் மின்மோட்டார் எத்தகைய மாறுதலை விளைத்தது என்பதை உழவர் நன்கறிவர்.

வானொலி செல்வர் வீட்டுப் பொருளாயிருந்த 1941-இல், ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்து தர இயலுமென அறிவித்தார். உலர் மின்கலத்தால் இயங்கும் சவரக்கருவியும் அவர் படைப்பே. எளியோர் கைக்கு எட்டும் விலையே அவர் நோக்கம்.

எல்லாம் கைகூடிற்றில்லை. 1952-இல் 2000 ரூபாய் விலையில் இருவர் செல்லும் கார் ஒன்றை உருவாக்கினார். அரசின் உரிமம் கிட்டாமையால் அம்முயற்சி நின்றது. 1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழிற்கல்லூரி தோன்ற முன்னின்று, அதன் முதல்வராகவும் விளங்கினார். நான்காண்டுப் படிப்பை இரண்டாண்டில் கற்பிக்கலாம் என்ற அவர் கருத்தை அரசினர் ஏற்றிலர், பதவியைத் துறந்தார். 1974-ஆம் ஆண்டு சனவரி 4-ஆம் நாள் மறைந்தார்.

சான்றிதழ் இன்றி வேலைக் கதவு திறவாத காலம் இது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், ஆலை மூடினால் வேலை போகும், கைத்திறன் போகாது. ஆதலின், நம் பிள்ளையொருவன் பழைய மின்விசிறியைக் கழற்றிப் பரப்பியிருக்கக் கண்டால் வையாதீர்கள். மின் இணைப்பு நீக்கப்பட்டதா என்று மட்டும் பாருங்கள். பிறகு, அவன் அதைத் திரும்பப் பூட்டும்வரை பொறுத்திருங்கள்.