கடற்காவலர் குஞ்ஞாலி மரைக்காயர்

கடற்கொள்ளைக்காரர் என்னும் பட்டத்தை யார் யாருக்குச் சூட்டினர் என்பதை நாம் ஆராய்ந்து நோக்குதல் வேண்டும். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்த பின்னர், போர்த்துக்கீசியர் அரபிக்கடலைத் தமதெனவே கருதலாயினர். தம்மிடம் பணங்கட்டிச் சீட்டுப் பெறாத மரக்கலங்களைப் பறித்தனர். தலைமுறை தலைமுறையாய் மிளகும் அரிசியும் ஏற்றிச் சென்ற வணிகர் தம் கடலிலேயே அயலாராயினர்.

அக்காலை, கோழிக்கோட்டு வேந்தராகிய சாமூதிரியின் கடற்படையை நடத்தியோர் மரைக்காயர் குலத்தினர். அப்படைத் தலைவர்க்குரிய பட்டமே குஞ்ஞாலி என்பது. அதனைத் தாங்கியோர் நால்வர். துடுப்பு வலிக்கும் சிறு படகுகளில் கழிமுகங்களில் மறைந்திருந்து, பெருங்கப்பல்களைத் திடீரெனத் தாக்கி மீளுதல் அவர்தம் போர்முறை. நம் தமிழகக் கரையும் இப்போரைக் கண்டதுண்டு. 1538-இல் மண்டபத்தை அடுத்த வேதாளையில் மரைக்காயர் படை போர்த்துக்கீசியரிடம் தோல்வியுற்றது. எனினும் அவர்கள் ஊக்கம் குன்றவில்லை.

மூன்றாம் குஞ்ஞாலி, சாமூதிரியின் இசைவு பெற்றுப் புதுப்பட்டணத்தில் கோட்டை கட்டினார். அவருக்குப் பின் 1595-இல் தலைமையேற்றவர் அவர் மருகர் முகம்மது அலி. இவரே நான்காம் குஞ்ஞாலி. வெற்றியும் செல்வமும் பெருகவே, இவர் தம்மைக் கடலுக்கு அதிபதி எனக் கூறிக்கொண்டார். சாமூதிரி சினந்தார். செருக்கு ஒருபுறம், ஐயம் மறுபுறம். இடையில் புகுந்தான் பகைவன். நூறாண்டுகளாக எதிர்த்த போர்த்துக்கீசியரோடு சாமூதிரி உடன்படிக்கை செய்துகொண்டார்!

1599-இல் நடந்த முதல் தாக்குதலைக் குஞ்ஞாலி முறியடித்தார். மறு ஆண்டு நிலவழியே சாமூதிரியும் கடல்வழியே போர்த்துக்கீசியரும் முற்றுகையிட்டனர். கோட்டையில் உணவு அற்றது. உயிர்க்கு ஊறு நேராது என்னும் உறுதிமொழியை நம்பி, 1600 மார்ச் மாதத்தில் வெளிவந்து, தம் வாளை மன்னரிடம் ஒப்படைத்தார். அந்தோ! போர்த்துக்கீசியர் பாய்ந்து அவரைப் பற்றினர். கோவாவுக்குக் கொண்டு சென்று தலையைத் துணித்தனர்; அத்தலையை உப்பிட்டுக் கண்ணூருக்கு அனுப்பிக் காட்சிப்பொருளாக்கினர்.

கோழிக்கோட்டிலிருந்து வடகரைக்குச் செல்லும் இருப்புப்பாதையில் இரிங்கல் என்னும் சிறிய நிலையம் உண்டு. அதனருகே மரைக்காயர் நினைவில்லம் இருக்கிறது. மும்பையில் நம் கடற்படை நிலையம் ஒன்று குஞ்ஞாலி என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது. பகைவர் இட்ட பழிப்பெயரைக் காலம் இங்ஙனம் கழுவிவிட்டது.

பல ஊர்களினின்றும் வந்து நீலசந்திராவில் ஒன்றாய் வாழும் நாம் இதனின்று கொள்ளத்தக்கது யாது? வீட்டுப் பூசலைத் தீர்க்க வெளியாரை அழைத்தால், வீடே வெளியார்க்கு உரியதாகும். இதனை நம் சிறார்க்கு எடுத்துரைத்தல் நம் கடனாகும்.