குருவி பார்த்தே பெயர் பெற்ற சலீம் அலி

பங்குனி பிறந்துவிட்டால் பெங்களூரில் புங்க மரங்கள் பூத்துக் குலுங்கும். பூவைத் தேடிச் சின்னஞ்சிறு பறவைகள் வரும். கட்டைவிரல் அளவே உள்ள தேன்சிட்டு, நம் வீட்டுத் துணிக்கொடியில்கூடக் கூடு தொங்கவிடும். நாரும் சிலந்தி வலையும் சேர்த்துப் பின்னிய பை அது. வாசலுக்கு மேல் மழை படாமல் சிறு தாழ்வாரமும் உண்டு!

இப்படிப்பட்ட குருவிகளை உட்கார்ந்து பார்த்தே உலகப் புகழ் பெற்றவர் சலீம் அலி. கல்லூரிப் பட்டம் இல்லாதவர். இருந்த வேலையையும் இழந்தவர்.

மஞ்சள் தொண்டை

1896 நவம்பர் 12-ந் தேதி பம்பாயில் பிறந்தார். மூன்று வயதுக்குள் தாய், தந்தை இருவரும் இறந்துவிட்டனர். மாமா அமீருத்தீன் தயாப்ஜி எடுத்து வளர்த்தார்.

சிறுவனாக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. என்ன குருவி என்று மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கிருந்த மில்லார்டு என்ற வெள்ளைக்காரர் பெயரைச் சொன்னதோடு, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைத் திறந்து காட்டினார். பையன் அன்றே சொக்கிப் போனான்.

பிழைப்புத் தேடி

பிழைப்பு வேறு பக்கம் இழுத்தது. பர்மாவில் தவாய் என்ற ஊரில் குடும்பத்தாரின் சுரங்க, மரத் தொழிலைக் கவனிக்கப் போனார். நேரம் கிடைத்தால் காட்டில் பறவை பார்ப்பார். தொழில் நொடித்தது. ஊர் திரும்பினார்.

1926-ல் பம்பாய் அருங்காட்சியகத்தில் விளக்கம் சொல்லும் வேலை கிடைத்தது. மாதம் 350 ரூபாய் சம்பளம். அந்தக் காலத்தில் அது கொழுத்த சம்பளம்தான். விடுப்பு எடுத்து ஜெர்மனி சென்று, பெர்லினில் பேராசிரியர் ஸ்ட்ரெசமனிடம் பறவை இயல் பயின்றார். 1930-ல் திரும்பி வந்தால், பணம் இல்லை என்று வேலையையே எடுத்துவிட்டிருந்தார்கள்! அரசாங்க விலங்கியல் துறையில் ஓர் இடம் காலியாக இருந்தது. பட்டம் இல்லாததால் அதுவும் கை நழுவியது.

தூக்கணாங்குருவி

வருமானம் குறைந்ததால் மனைவி தெஹ்மினாவுடன் கிஹிம் என்ற கடலோரக் கிராமத்துக்குக் குடிபோனார். அங்கே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. வேறு வேலை என்ன? பார்த்துக்கொண்டே இருந்தார்.

நாள் கணக்கில் பார்த்ததில் ரகசியம் வெளிப்பட்டது. ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்திவிடுகிறது. பெண் குருவிகள் கூட்டமாக வந்து, வீடு பார்க்க வருபவர்களைப் போல உள்ளே நுழைந்து சோதிக்கின்றன. ஒருத்திக்குப் பிடித்துவிட்டால்தான் மீதி வேலை முடியும். பிறகு அவள் முட்டையிட்டு அடைகாக்க, ஆண் பக்கத்திலேயே இன்னொரு கூட்டைக் கட்டத் தொடங்கும், இன்னொரு துணைக்காக! யாருக்கும் பிடிக்காத கூடு பாதியிலேயே தொங்கும்.

ஆயிரம் பேர் தினமும் கடந்து போன காட்சி. கட்டுரை வெளிவந்தபின் பறவை அறிஞர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அருங்காட்சியக வேலை நிலைத்திருந்தால் இது நடந்திருக்குமா என்பது சந்தேகமே.

மைசூரில்

அதன்பின் சமஸ்தானம் சமஸ்தானமாகச் சென்றார். சம்பளம் வேண்டாம், செலவை மட்டும் கொடுங்கள் என்பது அவரது ஏற்பாடு. ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி என்று காட்டு முகாம்களில் மனைவியும் உடன் இருந்தார். 1939-ல் ஒரு சிறு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தெஹ்மினா காலமானார். சலீம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை.

அந்தத் துயர காலத்தில்தான் மைசூர் சமஸ்தானத்துப் பறவைகளை ஆராய்ந்தார். ஸ்ரீரங்கப்பட்டணம் அருகே காவிரித் திட்டுகளில் பறவைகள் குஞ்சு பொரிப்பதைக் கண்டு, அரசிடம் எடுத்துச் சொன்னார். 1940-ல் ரங்கன்திட்டு சரணாலயமாயிற்று.

1941-ல் அவர் எழுதிய இந்தியப் பறவைகள் நூல், பட்டம் படிக்காத எத்தனையோ பேரைப் பறவை பார்க்க வைத்தது. 1976-ல் பத்ம விபூஷண் பெற்றார். தமக்குக் கிடைத்த கெட்டி பரிசுப் பணம் 50 ஆயிரம் டாலரை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கே கொடுத்துவிட்டார். 1987 ஜூன் 20-ந் தேதி, 90-வது வயதில் மறைந்தார். அவர் பெயரில் கோவையில் பறவை ஆராய்ச்சி மையம் இருக்கிறது.

ரங்கன்திட்டுக்குப் போக விரும்புவோர் மைசூர் பஸ்சில் ஏறி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறங்கலாம். அங்கிருந்து ஆட்டோ உண்டு. பங்குனியில் போனால் கூடுகளில் குஞ்சுகளைப் பார்க்கலாம்.