ஜான் புரொஃபுமோ: ராஜினாமாவுக்குப் பிறகு

ஒரு தலைவர் பொய் சொல்லி மாட்டிக்கிட்டா அதுக்கப்புறம் என்ன நடக்கும்? நமக்குப் பழக்கமான வரிசைதான். முதலில் மறுப்பு, அப்புறம் உடம்பு சரியில்லை, கொஞ்ச நாள் மௌனம், அடுத்த தேர்தலில் மாலையோடு மேடை. பிரிட்டனின் கன்சர்வேடிவ் கட்சி அமைச்சர் ஜான் புரொஃபுமோவும் மறுப்பில்தான் தொடங்கினார். ஆனால் மேடைக்கு மட்டும் அவர் திரும்பவே இல்லை.

1915-இல் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். ஹாரோ பள்ளி, ஆக்ஸ்ஃபோர்டு என்று படிப்பு. 1940-இல், 25 வயதில், கெட்டரிங் தொகுதியின் எம்.பி. அப்போது சபையிலேயே இளையவர் அவர்தான். அதே ஆண்டு மே மாதம், நார்வே போர் பற்றிய விவாதத்தில், சொந்தக் கட்சிப் பிரதமர் சேம்பர்லினுக்கு எதிராகவே வாக்களித்தார். கட்சிக் கொறடா கொதித்துப் போனார். நம்ம வயசுல இருக்கிற ஒருத்தருக்கு அது சின்ன தைரியம் இல்லை. போர் முடியும்போது பிரிகேடியர். 1960-இல் மக்மில்லன் அரசில் போர்த்துறை அமைச்சர். அந்தச் சமயத்தில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த பிரிட்டிஷ் ராணுவமும் அவர் துறையின் கீழ்தான் வந்தது.

1961 ஜூலையில் கிளைவ்டன் மாளிகையில் கிறிஸ்டின் கீலர் என்ற 19 வயதுப் பெண்ணைச் சந்தித்தார். திருமணமானவர், ஆனாலும் உறவு தொடங்கியது, சில காலத்தில் முடிந்தும் போனது. அந்தப் பெண்ணுக்கு சோவியத் தூதரகத்தின் கடற்படை அதிகாரி இவானோவையும் தெரியும். பனிப்போர் உச்சத்தில் இருந்த நேரம். வதந்தி பரவியது. 1963 மார்ச்சில் ஒரு நள்ளிரவில் ஐந்து சகாக்கள் அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். மறுத்தார். விடிந்ததும், மார்ச் 22 அன்று, நாடாளுமன்றத்தில் எழுந்து தவறாக எதுவும் நடக்கவில்லை என்று சொல்லி, இனி யாராவது பேசினால் வழக்குப் போடுவேன் என்றும் எச்சரித்தார். சபை நம்பியது. ஓர் உறுப்பினர் சபையில் எழுந்து பொய் சொல்ல மாட்டார் என்பதுதான் அங்கே எழுதப்படாத விதி.

ஜூன் தொடக்கத்தில், வெனிஸ் நகரில் விடுமுறையில் இருந்தபோது, மனைவி வேலரி ஹாப்சனிடம் உண்மையைச் சொன்னார். லண்டன் திரும்பி, சபையிடம் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டு, பதவியையும் எம்.பி. இடத்தையும் விட்டார். காதல் விவகாரத்தை மறந்துவிடத் தயாராக இருந்தவர்கள்கூட அந்தப் பொய்யை மன்னிக்கவில்லை. சகாக்கள் இன்னும் ஆழமாகக் கேட்டிருக்க வேண்டும் என்று நீதிபதி டென்னிங்கின் அறிக்கையும் குறை சொன்னது. அக்டோபரில் மக்மில்லன் உடல்நிலை காரணமாக விலகினார். அடுத்த ஆண்டு தேர்தலில் 13 ஆண்டு கன்சர்வேடிவ் ஆட்சி முடிந்தது. இது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு ஆளின் பொய்க்குக் கட்சியே விலை கொடுத்தது.

அதன்பிறகு அவர் போனது டாயின்பி ஹால். 1884-இல் லண்டனின் ஏழைப் பகுதியான ஈஸ்ட் எண்டில் தொடங்கிய தொண்டு நிலையம்; பல்கலைக்கழக மாணவர்கள் ஏழைகளோடு தங்கி வேலை செய்ய வேண்டும் என்பதுதான் அதன் ஆரம்ப யோசனை. அங்கே பாத்திரம் கழுவுவது போன்ற சாதாரண வேலையில் தொடங்கினார் முன்னாள் அமைச்சர். நம்ம ஆலயத்தில் அன்னதானம் முடிஞ்சதும் அண்டா கழுவ எத்தனை பேர் மிஞ்சுறோம்? படம் எடுக்கும்போது இருந்தவர்களில் பாதிகூட இருக்காது. அவர் ஒரு மாதம், இரண்டு மாதம் இல்லை, பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்தார். பழைய தொடர்புகளைப் பயன்படுத்தி நிதி திரட்டினார். பிறகு நிலையத்தின் தலைவரும் ஆனார். சம்பளம் வாங்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லணும். சம்பளம் இல்லாமல் வேலை செய்ய அவருக்குக் குடும்பச் சொத்து இருந்தது. கீலருக்கு அப்படி எதுவும் இல்லை. அதோடு தொடர்புடைய இன்னொரு வழக்கில் பொய்ச்சாட்சி சொன்னதற்காகச் சிறைக்குப் போனார். இருவரையும் அறிமுகப்படுத்திய மருத்துவர் ஸ்டீஃபன் வார்டு, விசாரணை முடியும் நேரத்தில் மாத்திரைகளை விழுங்கி 1963 ஆகஸ்டில் இறந்தார். புரொஃபுமோவைப் புகழும் கட்டுரைகள் பலவற்றில் இவர்கள் இரண்டு வரிக்கு மேல் வருவதில்லை. எனக்கு அது உறுத்துது.

1975-இல் அவருக்கு சி.பி.இ. விருது கிடைத்தது. 1995-இல் மார்கரெட் தாட்சரின் 70-ஆவது பிறந்தநாள் விருந்தில் அவருக்கு மகாராணியின் பக்கத்து இருக்கை. எந்தத் தேர்தலிலும் மறுபடி நிற்கவில்லை. 1989-இல் அந்த விவகாரத்தைத் திரைப்படமாக எடுத்தபோதும் தன் பக்க நியாயத்தைப் பேச வெளியே வரவில்லை. 2006 மார்ச் 9-ஆம் தேதி, 91 வயதில் இறந்தார். நாடாளுமன்றப் பதிவேட்டில் 1963 மார்ச் 22-ஆம் தேதிப் பேச்சு இன்றும் அப்படியே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.