ஆப்பிரிக்காவிடம் பாடம் கேட்ட பண்டிதர்

1850-ம் ஆண்டு, ஜூலை மாதம். சஹாரா பாலைவனத்தில், காட் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஒரு மரத்தடியில் ஒரு மனிதர் விழுந்து கிடந்தார்.

தோல் பையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. உடம்பு காய்ச்சலில் கொதித்தது. வெயில் ஏற ஏற மரத்தின் நிழல் நகர்ந்தது. நிழலோடு அவரும் மரத்தைச் சுற்றித் தவழ்ந்தார். தாகம் தாங்க முடியவில்லை. தம் ரத்தத்தையே சிறிது உறிஞ்சினார்!

யார் இவர்? கொள்ளைக்காரரா? புதையல் தேடி வந்தவரா?

இல்லை. பெர்லின் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற பண்டிதர். பெயர் ஹைன்ரிக் பார்ட். வயது 29.

பக்கத்தில் இருந்தது இடினென் மலை. அது பூதங்கள் குடியிருக்கும் அரண்மனை என்று அந்தப் பகுதியில் வாழும் துவாரெக் மக்கள் நம்பினார்கள். வழிகாட்ட ஒருவரும் வரவில்லை. மலை உச்சியில் பழைய கல்வெட்டுகள் இருக்கலாம் என்ற ஆசையில் பார்ட் தனியாகவே ஏறினார். அங்கே கல்வெட்டும் இல்லை, சிற்பமும் இல்லை. இறங்கும்போது வழி தவறிவிட்டது. துப்பாக்கியால் சுட்டுப் பார்த்தார். பதில் இல்லை. இரவு முழுவதும் மரத்தடியில் கிடந்தார்.

மறுநாள் ஒட்டகத்தில் வந்த ஒரு துவாரெக் மனிதர் அவரைக் கண்டார். தலையில் தண்ணீர் தெளித்தார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். ஒட்டகத்தில் ஏற்றிக் கூடாரத்துக்குக் கொண்டு சேர்த்தார்.

அன்று பிழைத்த மனிதர், அதன் பிறகு ஐந்து வருஷம் ஆப்பிரிக்காவில் சுற்றினார். அந்த நாட்டு மக்களிடமே பாடம் கேட்டார். கேட்டதையெல்லாம் எழுதி வைத்தார். அந்த எழுத்துதான் அவரை உலகப் புகழ் பெற்றவராக ஆக்கியது.

காலி வகுப்பு

பார்ட் 1821-ம் ஆண்டு பிப்ரவரி 16-ந் தேதி ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் பிறந்தார். தகப்பனார் சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். சொந்த உழைப்பால் வியாபாரியாக உயர்ந்தவர். மகனைப் பெர்லினுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்.

அங்கே பார்ட்டுக்கு வாய்த்த ஆசிரியர் கார்ல் ரிட்டர். பூகோளத்தில் பெரிய மேதை. மண்ணை அறியாமல் மனிதனை அறிய முடியாது, மனிதனை அறியாமல் சரித்திரத்தை அறிய முடியாது என்பது அவர் கற்றுத் தந்த பாடம். அந்தப் பாடம் மாணவர் மனத்தில் ஆழப் பதிந்தது.

பட்டம் பெற்ற பின் 1845-ல் பார்ட் வட ஆப்பிரிக்கக் கரையோரமாகப் பிரயாணம் செய்தார். எகிப்து எல்லை அருகே கொள்ளைக்காரர்கள் தாக்கினார்கள். துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. சாமான்கள் போயின. எழுதி வைத்த நாட்குறிப்பும் போயிற்று. உயிர் மட்டும் மிஞ்சியது.

அதே பிரயாணத்தில் துனிசியாவில் ஓர் அடிமையைச் சந்தித்தார். அவர் ஹௌசா நாட்டுக்காரர். பாலைவனத்துக்கு அப்பால் கானோ என்ற பெரிய நகரம் இருப்பதைப் பற்றி அவர் சொன்னார். கடவுள் சித்தம் இருந்தால் நீங்களும் ஒரு நாள் கானோவைப் பார்ப்பீர்கள் என்றார். அந்த வார்த்தை பார்ட்டின் காதில் ஒலித்துக் கொண்டே இருந்தது.

பெர்லின் திரும்பிப் பாடம் நடத்தினார். கேட்க மாணவர்கள் வரவில்லை. வகுப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று. மனம் நொந்திருந்த நேரத்தில், 1849-ல் ஒரு செய்தி வந்தது. மத்திய ஆப்பிரிக்காவுக்கு பிரிட்டிஷ் சர்க்கார் ஒரு குழுவை அனுப்புகிறது. ஆராய்ச்சிக்கு ஓர் ஆள் வேண்டும்!

தகப்பனார் போக வேண்டாம் என்று தடுத்தார். ஆனால் பார்ட் வாக்குக் கொடுத்து விட்டார். வாக்கிலிருந்து பின்வாங்க முடியவில்லை.

மூவரில் இருவர் திரும்பவில்லை

குழுவின் தலைவர் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர். அடிமை வியாபாரத்தை ஒழிக்க வேண்டும், அதன் இடத்தில் நியாயமான வியாபாரம் வளர வேண்டும் என்பது அவர் நோக்கம். இன்னொருவர் அடால்ப் ஓவர்வெக் என்ற ஜெர்மானிய இளைஞர். 1850-ல் மூவரும் டிரிபோலியிலிருந்து புறப்பட்டார்கள். சாட் ஏரியில் விடுவதற்காக ஒரு படகைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒட்டகங்களின் மேல் ஏற்றிச் சென்றார்கள்!

பாலைவனம் கடந்ததும், 1851 ஜனவரியில் மூவரும் ஆளுக்கொரு வழியாகப் பிரிந்தார்கள். போர்னு ராஜ்யத்தின் தலைநகரான குக்காவாவில் மறுபடி சந்திப்பது என்று ஏற்பாடு. ரிச்சர்ட்சன் வந்து சேரவில்லை. மார்ச் மாதம் வழியிலேயே காலமானார். 1852 செப்டம்பரில் ஓவர்வெக்கும் காய்ச்சலில் இறந்தார். வயது 30. நண்பரைச் சாட் ஏரிக்கரையில் அடக்கம் செய்துவிட்டு, பார்ட் தனியாக நின்றார்.

ஊர் திரும்பியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் திரும்பவில்லை.

பாறையில் மாடு

பார்ட் என்ன ஆராய்ந்தார்? ஒரு சம்பவம் சொன்னால் விளங்கும்.

இடினென் மலையில் வழி தவறுவதற்குச் சில நாட்களுக்கு முன், பாலைவனப் பள்ளத்தாக்கு ஒன்றில் பாறைச் சித்திரங்களைக் கண்டார். யாரோ பழங்காலத்தில் கல்லில் செதுக்கியவை. மாடுகள் கூட்டமாக நின்றன. ஆனால் ஒட்டகம் ஒன்றுகூட இல்லை!

பார்ட் யோசித்தார். மாட்டுக்குப் புல் வேண்டும், தண்ணீர் வேண்டும். இன்று இங்கே மணலைத் தவிர வேறு இல்லை. அப்படியானால் ஒரு காலத்தில் இந்த இடம் மேய்ச்சல் நிலமாக இருந்திருக்க வேண்டும். ஒட்டகம் பிற்பாடுதான் வந்திருக்க வேண்டும்.

சஹாரா ஒரு காலத்தில் பசுமையாக இருந்தது என்பதை இன்று விஞ்ஞானிகள் பலவகைச் சான்றுகளால் உறுதி செய்திருக்கிறார்கள். ஒரு மாட்டின் படத்தைப் பார்த்தே பார்ட் அந்த வழியில் யோசித்து விட்டார்.

சாட் ஏரியிலும் இப்படித்தான். ஏரியைப் பார்க்கப் போனவருக்கு ஏரியே தென்படவில்லை. புல்வெளிதான் தெரிந்தது. கரை எது, தண்ணீர் எது என்று சொல்ல முடியவில்லை. இந்த ஏரிக்கு நிலையான கரை கிடையாது, பருவத்துக்குப் பருவம் அது மாறும் என்று எழுதினார். 1960-களின் தொடக்கத்தில் சுமார் 25,000 சதுர கிலோமீட்டர் இருந்த அந்த ஏரி, 1980-களின் நடுவில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. ஏரியின் பழைய கதையைத் தேடும் ஆராய்ச்சியாளர்களுக்குப் பார்ட்டின் குறிப்புகள் பெரிய உதவி.

கானோ சந்தை

அடிமை சொன்ன வாக்கு பலித்தது. 1851 பிப்ரவரியில் பார்ட் கானோவுக்குள் நுழைந்தார். கையில் காசு இல்லை. உடம்பில் காய்ச்சல். ஆனாலும் சந்தையைச் சுற்றினார்.

அவுரிச் சாயம் தோய்த்த துணிகள் அங்கே மலை போலக் குவிந்திருந்தன. கானோ நெசவாளர் துணி, பாலைவனம் தாண்டி டிரிபோலி வரை போயிற்று. காசுக்குப் பதில் சோழி புழங்கியது. இந்து மகாசமுத்திரத்தில் மாலத் தீவுகளில் எடுத்த சோழிகள் கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்கா வரை போன காலம் அது. ஒரு வெள்ளி டாலருக்கு 2,500 சோழி. ஒரு குடும்பம் துணிமணி உட்பட ஒரு வருஷம் வசதியாக வாழ 50,000 முதல் 60,000 சோழி போதும் என்று பார்ட் கணக்கிட்டார்.

ஒரு சந்தை விலை கூட அவருக்கு அற்பமாகத் தோன்றவில்லை. என்ன பயிர், என்ன மரம், என்ன விலை, எந்தப் பாஷையில் என்ன பெயர், எந்த ராஜா எப்போது ஆண்டார்? எல்லாம் நோட்டில் ஏறின. ஒட்டகக்காரர், வியாபாரி, மௌல்வி, கிழவர் எல்லோரும் அவருக்கு ஆசிரியர்கள். அரபு தெரிந்தவர், ஹௌசா, கனூரி முதலிய பாஷைகளையும் கற்றார். அப்துல் கரீம் என்ற பெயரால் ஜனங்கள் அவரை அழைத்தார்கள்.

அவருடைய வேலைக்காரர் முகமது அல் கத்ரூனியை இங்கே சொல்லாமல் இருக்கக் கூடாது. வழி அறிந்தவர், நாணயமானவர். பின்னாளில் வேறு பல ஐரோப்பியப் பிரயாணிகளுக்கும் அவரே துணை போனார்.

கண்ணால் கண்ட கொடுமை

மகிழ்ச்சியான காட்சிகள் மட்டுமல்ல, கொடுமையும் அவர் கண்ணில் பட்டது. புதிய பிரதேசம் பார்க்க வேண்டும் என்று போர்னு படையோடு தெற்கே முஸ்கு நாட்டுக்குப் போனார். அது அடிமை பிடிக்கப் போன படை.

முஸ்கு மக்களைக் காட்டுமிராண்டிகள் என்று மற்றவர்கள் இகழ்ந்தார்கள். பார்ட் கண்டது என்ன? எரு இட்டு ஒழுங்காகப் பயிர் செய்த வயல்கள்! நல்ல வீடுகள்! படை அந்த வீடுகளைக் கொளுத்தியது. ஒரே நாளில் பிடிபட்ட ஆண்களில் சுமார் 170 பேரைக் கொன்றார்கள். பலருக்குக் காலை வெட்டி, ரத்தம் வடிந்து சாகும்படி விட்டார்கள்.

தடுக்கப் பார்ட்டுக்குச் சக்தி இல்லை. அந்தப் படையோடு தாமும் போனோமே என்ற பழிச்சொல்லும் அவரைத் தொடரும். ஆனால் அவர் எதையும் மறைக்கவில்லை. வயலையும் எழுதினார், வயலைப் பாழாக்கியவர்களையும் எழுதினார்.

பழைய ஏடு

ஆப்பிரிக்காவுக்குச் சரித்திரமே கிடையாது என்று ஐரோப்பாவில் பெரிய படிப்பாளிகள் சொல்லி வந்த காலம் அது. பெர்லின் பல்கலைக்கழகத்திலேயே தத்துவ மேதை ஹெகல் அப்படித்தான் போதித்தார்.

பாகிர்மி நாட்டில் பார்ட் ஒரு கண் தெரியாத கிழவரைச் சந்தித்தார். அவர் பெயர் சாம்போ. அரிஸ்டாடில், பிளேட்டோ நூல்களை அரபு மொழியில் கற்றவர் அவர்! ஆப்பிரிக்காவின் நடுவில், கூரை வீட்டில், அப்படி ஒரு பண்டிதர்!

1853-ல் க்வாண்டு என்ற ஊரில் அதைவிடப் பெரிய புதையல் கிடைத்தது. தாரிக் அஸ் சூடான் என்ற 17-ம் நூற்றாண்டுச் சரித்திர நூல். நைஜர் நதிக்கரையில் கொடிகட்டி ஆண்ட சாங்காய் சாம்ராஜ்யத்தின் கதையை அந்த நாட்டு அறிஞரே அரபு மொழியில் எழுதியிருந்தார். பார்ட் மூன்று நான்கு நாள் உட்கார்ந்து முக்கியமான பகுதிகளை நகல் எடுத்தார். அதை எழுதியவர் யார் என்பதில் அவர் தவறு செய்தார். அல் சாதி என்பவரே ஆசிரியர் என்பது பிற்பாடு தெரிந்தது. ஆனால் சரித்திரமே இல்லை என்ற பேச்சுக்கு அந்த ஏடே பதில் சொல்லியது.

திம்பக்டுவில் எட்டு மாதம்

1853 செப்டம்பர் 7-ந் தேதி பார்ட் திம்பக்டு நகருக்குள் நுழைந்தார். அந்நியரான கிறிஸ்தவருக்கு அது ஆபத்தான இடம். 1826-ல் அங்கே போன ஸ்காட்லாந்துக்காரர் லெயிங், நகரை விட்டு வெளியேறியதும் கொல்லப்பட்டார்.

பார்ட் கிறிஸ்தவர் என்பது சீக்கிரமே வெளியாயிற்று. அவரைத் துரத்த வேண்டும் என்று மாசினா ராஜ்யத்திலிருந்து உத்தரவு வந்தது. ஆயுதம் தாங்கிய ஆட்களும் வந்தார்கள். வீட்டை விட்டு இறங்கினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. மொட்டை மாடியில் நின்றே நகரைப் படம் வரைந்தார்.

அவரைக் காப்பாற்றியவர் ஷேக் அகமது அல் பக்காய். ஊரே மதிக்கும் இஸ்லாமியப் பெரியவர். வந்தவர் என் விருந்தாளி, அவரைக் கொடுக்க மாட்டேன் என்று உறுதியாக நின்றார். ஆபத்து முற்றியபோது பார்ட்டை ஊருக்கு வெளியே தம் கூடாரத்தில் வைத்துக் காத்தார். இருவரும் இரவில் மதத்தைப் பற்றி விவாதித்தார்கள். இருவரும் மனம் மாறவில்லை. நட்பும் மாறவில்லை!

1854 மே மாதம் பார்ட் புறப்பட்டபோது, ஷேக்கும் கூடவே நைஜர் நதியோரமாக நெடுந்தூரம் வந்து, பத்திரமான இடத்தில்தான் விடை கொடுத்தார்.

இறந்தவர் வந்தார்

1854 டிசம்பர் 1-ந் தேதி. குக்காவாவுக்குத் திரும்பும் வழியில், ஒரு காட்டில், எதிரே ஒரு வெள்ளைக்காரர் குதிரையில் வந்தார். அவர் எட்வர்ட் வோகல் என்ற ஜெர்மானியர். பார்ட்டைக் கண்டு திகைத்துப் போனார். காரணம், பார்ட் இறந்து விட்டதாக ஐரோப்பா முழுவதும் நம்பி விட்டது!

1855 செப்டம்பரில் பார்ட் லண்டன் சேர்ந்தார். சுற்றிய தூரம் ஏறக்குறைய 10,000 மைல். மூன்று வருஷம் உழைத்து ஐந்து பெரிய பாகங்களாகப் புத்தகம் எழுதினார். ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் வந்தது. பக்கங்கள் சுமார் 3,500.

ஆனால் ஜனங்கள் அதை விரும்பி வாங்கவில்லை. அதே 1857-ல் வெளிவந்த லிவிங்ஸ்டனின் புத்தகம் சக்கைப்போடு போட்டது. பார்ட்டின் புத்தகத்தில் சிங்க வேட்டை கம்மி. ராஜ பரம்பரையும், சந்தை விலையும், பாஷை அட்டவணையுமே அதிகம்.

மனக்கசப்பும் வந்தது. ஓவர்வெக் அடிமைத்தனத்திலிருந்து விடுவித்த துருகு, அபேகா என்ற இரண்டு இளைஞர்களைப் பார்ட் இங்கிலாந்துக்கு அழைத்து வந்திருந்தார். அவர்களை அடிமைகளாகக் கொண்டு வந்தாரோ என்று சிலர் சந்தேகம் கிளப்பினார்கள். ஆனால் துருகு பிற்பாடு தம் வாழ்க்கைக் கதையை ஹௌசா மொழியில் தாமே சொல்ல, அது அச்சில் வந்தது.

பெர்லினில் ரிட்டர் 1859-ல் காலமானார். குருவின் இடம் சிஷ்யருக்குக் கிடைக்கவில்லை. 1863-ல்தான் அதற்குக் குறைந்த ஒரு பேராசிரியர் பதவி கிடைத்தது. 1865 நவம்பர் 25-ந் தேதி, வயிற்று நோயால், 44-வது வயதில் பார்ட் காலமானார். கல்யாணம் செய்து கொள்ளவில்லை.

பாடம் முடியவில்லை

அவர் இறந்து 19 ஆண்டுகள் கழித்து, அதே பெர்லின் நகரில் ஐரோப்பிய வல்லரசுகள் மாநாடு கூட்டின. ஆப்பிரிக்காவைக் கூறு போடுவதற்கு விதி வகுத்தன. அந்த மேஜையில் ஆப்பிரிக்கர் ஒருவருக்கும் இடம் இல்லை. பார்ட் எழுதிய ராஜ்யங்கள், சாம்ராஜ்யங்கள், ஏடுகள் எல்லாம் அங்கே யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

ஆனால் காலம் மாறியது. பார்ட் நடந்த நாடுகளான மாலி, நைஜர், நைஜீரியா ஆகியவை 1960-ல் சுதந்திரம் அடைந்தன. திம்பக்டுவின் பழைய ஏடுகளுக்கு 2012-ல் ஆயுதக் கும்பலால் ஆபத்து வந்தபோது, அந்த ஊர் மக்களே உயிரைப் பணயம் வைத்து ஆயிரக்கணக்கான ஏடுகளைப் பமாக்கோ நகருக்குக் கடத்திக் காப்பாற்றினார்கள். ஜெர்மனியில் கொலோன் நகரில், ஆப்பிரிக்காவின் தொல்பொருளையும் இயற்கைச் சூழலின் சரித்திரத்தையும் சேர்த்து ஆராயும் ஒரு நிலையத்துக்குப் பார்ட்டின் பெயர் சூட்டப்பட்டது.

பெர்லினில் அவர் பாடம் சொன்னபோது கேட்க ஆள் இல்லை. ஆப்பிரிக்காவில் அவர் மாணவராக உட்கார்ந்தார். அங்கே கேட்ட பாடம்தான் இன்றும் உலகுக்குப் பயன்படுகிறது.