பொருளியலுக்குத் தனிப் பட்டம் பெற்றுக்கொடுத்தவர்

பொருளியலில் இளமாணிப் பட்டம் பெறுவது இன்று சாதாரண விடயம். ஆனால் 1903 வரை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அதற்கெனத் தனிக் கற்கைநெறி இருக்கவில்லை. அதைப் பெற்றுக்கொடுத்தவர் அல்பிரட் மார்ஷல்.

1842 இல் லண்டனில் பிறந்த அவரை மதகுருவாக்கவே தந்தை விரும்பினார். மார்ஷலோ கணிதம் கற்று, 1865 இல் கேம்பிரிட்ஜ் கணிதப் பரீட்சையில் இரண்டாமிடம் பெற்றார். விடுமுறைகளில் நகரங்களின் வறிய தெருக்களில் நடந்து ஏழைகளின் முகங்களைப் பார்த்தார். இவர்கள் ஏன் வறுமையில் வாழ வேண்டும் என்ற கேள்வியே அவரைப் பொருளியலுக்குக் கொண்டுவந்தது.

1885 இல் அங்கு பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அப்போது பொருளியல் வேறு பட்டங்களின் ஒரு பகுதி மட்டுமே. அதைத் தனிக் கற்கைநெறியாக்க 18 ஆண்டுகள் சென்றன. உயர்தர மாணவர்கள் இன்று படிக்கும் கேள்வி நெகிழ்ச்சி, 1890 இல் வெளிவந்த அவரது நூலின் வழியே பரவியது.

அவரிடம் கற்று, 1877 இல் அவரையே மணந்தவர் மேரி பேலி. அவரும் பொருளியல் கற்பித்தார். ஆயினும் பெண்களுக்குப் பட்டம் வழங்குவதை மார்ஷல் எதிர்த்தார். மார்ஷல் 1924 இலும் மேரி 1944 இலும் காலமானார்கள். கேம்பிரிட்ஜ் பெண்களுக்குப் பட்டம் வழங்கத் தொடங்கியது 1948 இல்.

ஏழைகளுக்காக ஒரு துறையைத் திறந்தவரே, தன் வீட்டிலிருந்த அறிவாளிக்கு அதன் பட்டத்தை மறுத்தார். மகள்களின் மேற்படிப்பைத் தீர்மானிக்கும் பெற்றோர் இதையும் மனதில் கொள்வது நல்லது.