விமானம் யாருக்குச் சொந்தம், காக்பிட் யாருக்கு? ஜே.ஆர்.டி. டாடாவின் கதை

அரக்கோணம் கடற்படைத் தளத்து விமானங்களை அண்ணாந்து பார்த்தே வளர்கிறவர்கள் திருத்தணி பக்கத்துப் பிள்ளைகள். அவர்களில் சிலருக்கு பைலட் ஆசை வருவதில் ஆச்சரியமில்லை. ஆனால் பல லட்சம் கடன் வாங்கி, 200 மணி நேரம் பறந்து, கமர்ஷியல் லைசென்ஸ் எடுத்த பிறகு வேலை தரப்போவது யார்? இந்திய கம்பெனியா, வெளிநாட்டுப் பங்கு இருக்கும் கம்பெனியா, துபாயா, தோஹாவா?

இந்தக் கேள்வி புதுசு இல்லை. இந்தியாவில் முதல் பைலட் லைசென்ஸ் வாங்கிய ஜே.ஆர்.டி. டாடாவின் வாழ்க்கை முழுக்க இதுதான் ஓடுகிறது.

லைசென்ஸ் நம்பர் 1

1904 ஜூலை 29-ல் பாரீஸில் பிறந்தவர் ஜே.ஆர்.டி. அப்பா டாடா குடும்பத்து ரத்தன்ஜி, அம்மா பிரெஞ்சுக்காரரான சூசான். அதனால் இவரும் பிரெஞ்சு குடிமகன்தான். 1929 பிப்ரவரி 10-ல் பைலட் லைசென்ஸ் கைக்கு வந்தது. அதே ஆண்டு பிரெஞ்சு குடியுரிமையை விட்டுவிட்டார்.

இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் இந்தியருக்கு ஆகா கான் பரிசு அறிவித்தார். எதிர்த்திசையில் வந்த இளைஞர் ஆஸ்பி எஞ்சினியர், ஸ்பார்க் பிளக் இல்லாமல் எகிப்தில் மாட்டிக்கொண்டார். தன்னிடம் இருந்ததை எடுத்துக் கொடுத்தார் ஜே.ஆர்.டி. பரிசு ஆஸ்பிக்குப் போச்சு. அந்த ஆஸ்பிதான் பிற்பாடு இந்திய விமானப்படையின் தளபதி ஆனார்.

மெயின் லைன் லண்டனுக்கு, கிளை லைன் நமக்கு

அந்தக் காலத்தில் லண்டனிலிருந்து கராச்சி வரை தபால் கொண்டுவந்தது பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ். அங்கிருந்து தெற்கே தபாலைக் கொண்டுபோக ஒரு சர்வீஸ் தொடங்கலாம் என்று யோசனை சொன்னவர் நெவில் வின்சென்ட், பிரிட்டிஷ் விமானப்படையின் முன்னாள் அதிகாரி. டாடா நிறுவனம் 2 லட்சம் ரூபாய் போட்டது.

1932 அக்டோபர் 15-ல் சிறிய புஸ் மாத் விமானத்தை கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய்க்கு ஓட்டிவந்தார் ஜே.ஆர்.டி. அங்கிருந்து பெல்லாரி வழியாக சென்னைக்கு எடுத்துப் போனது வின்சென்ட். பெல்லாரி, திருத்தணி எல்லாமே அப்போது சென்னை மாகாணம்.

ஆனால் 1933-ல் கராச்சி, டெல்லி, கொல்கத்தா வழியாக சிங்கப்பூர் நோக்கிப் போகும் பெரிய ரூட் இந்தியன் டிரான்ஸ் கான்டினென்டல் என்ற புதிய கம்பெனிக்குக் கிடைத்தது. பெயர்தான் இந்தியன். 51 சதவீதம் இம்பீரியல் ஏர்வேஸ் கையில். இந்திய அரசுக்கு இருந்தது 24 சதவீதம்தான்.

பைலட் வேலையில் இது ஏன் முக்கியம்? எந்த விமானத்தில் எத்தனை மணி நேரம் பறந்தார் என்பதுதான் ஒரு பைலட்டின் மதிப்பு. பெரிய விமானமும் தூர ரூட்டும் யாரிடம் இருக்கிறதோ, அந்த அனுபவமும் அவர்களுடைய ஆட்களுக்கே போகும்.

1948: வெளிநாட்டு வானத்துக்கு

1946-ல் டாடா ஏர்லைன்ஸ் பொதுப் பங்கு நிறுவனமாகி ஏர் இந்தியா ஆனது. அடுத்து வெளிநாட்டு சர்வீஸுக்காக ஏர் இந்தியா இன்டர்நேஷனல். இதில் அரசுக்கு 49 சதவீதப் பங்கு, வேண்டுமானால் இன்னும் 2 சதவீதம் வாங்கிக்கொள்ளும் உரிமை. 1948 ஜூன் 8-ல் மலபார் பிரின்சஸ் விமானம் கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டன் கிளம்பியது. 15 வருஷம் முன்பு லண்டன் கையில் இருந்த தூர ரூட்டில் இப்போது இந்திய கம்பெனி.

1953-ல் அரசு விமானத்துறையையே நாட்டுடைமை ஆக்கியது. ஜே.ஆர்.டி. எதிர்த்தார், பலிக்கவில்லை. இருந்தும் ஏர் இந்தியாவின் தலைவராக சம்பளம் வாங்காமல் தொடர்ந்தார். 1962-ல் முழுக்க ஜெட் விமானங்களை மட்டுமே இயக்கும் உலகின் முதல் ஏர்லைன் ஆனது ஏர் இந்தியா.

1978 பிப்ரவரியில் மொரார்ஜி தேசாய் அரசு அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. முதலாளி யாரோ, முடிவும் அவருடையது. ஆரம்பித்தவருக்கே அதுதான் நிலைமை.

1982-ல், 78 வயதில், கராச்சி–பம்பாய் ரூட்டில் மறுபடி தனியாகப் பறந்து காட்டினார். 1993 நவம்பர் 29-ல் ஜெனீவாவில் காலமானார். நாட்டுடைமைச் சட்டம் நீக்கப்பட்டது 1994-ல். அதைப் பார்க்க அவர் இல்லை.

இன்றைக்கு என்ன நிலைமை?

2012-ல் வெளிநாட்டு ஏர்லைன்கள் இந்திய நிறுவனங்களில் 49 சதவீதம் வரை பங்கு வாங்க அனுமதி வந்தது. கட்டுப்பாடு இந்தியர் கையில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. காரணம் தேசப்பற்று மட்டும் இல்லை. நாடுகளுக்கு இடையிலான விமான ஒப்பந்தங்களில் பொதுவாகவே இப்படி ஒரு ஷரத்து உண்டு. சொந்த நாட்டுக்காரர் கையில் இல்லாத ஏர்லைனுக்கு இறங்கும் உரிமையை மறுக்கலாம்.

அந்த அனுமதிக்குப் பிறகு பைலட்டுகளுக்கு நடந்தது மூன்று விதம்.

1. ஜெட் ஏர்வேஸில் எத்திஹாட் 24 சதவீதம் வாங்கியது. வேலைக்கு அது உத்தரவாதம் ஆகவில்லை. 2019 ஏப்ரல் 17-ல் ஜெட் நின்றபோது பைலட்டுகளுக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி.

2. டாடாவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சேர்ந்து தொடங்கிய விஸ்தாரா, 2024 நவம்பரில் ஏர் இந்தியாவுடன் இணைந்தது. அதற்கு முன்பே, அந்த ஏப்ரலில், புதிய சம்பள முறையில் பைலட்டுகளுக்கு அதிருப்தி. நிறைய ஃப்ளைட் ரத்தானது.

3. இன்டிகோ துருக்கி ஏர்லைன்ஸிடம் 2 பெரிய விமானங்களை பைலட்டுகளோடு சேர்த்து வாடகைக்கு எடுத்தது. டிக்கெட்டில் இந்திய பெயர், காக்பிட்டில் வெளிநாட்டு பைலட். பெரிய விமான அனுபவம் யாருக்குப் போகிறது என்ற 1933-ன் கேள்வியேதான்.

இன்னொரு பக்கம், நல்ல சம்பளம் என்று வளைகுடாவுக்குப் போக நினைக்கும் கேப்டனுக்கு இங்கே ஒரு வருட நோட்டீஸ் காலம், கோ-பைலட்டுக்கு ஆறு மாதம். மூலதனம் எல்லை தாண்டுவது சுலபம், பைலட் தாண்டுவது அவ்வளவு சுலபம் இல்லை.

2022 ஜனவரி 27-ல் ஏர் இந்தியா டாடாவிடமே திரும்பியது. இப்போது அதில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 25.1 சதவீதம். அதனால் ஆஃபர் லெட்டர் வந்ததும் சம்பளத்தை மட்டும் பார்த்தால் போதாது. எந்த விமானத்தில் பயிற்சி, கேப்டன் ஆக எத்தனை வருஷம், பாண்டு எவ்வளவு, கம்பெனி கைமாறினால் சீனியாரிட்டி என்ன ஆகும் என்றும் கேட்டுக்கொள்வது நல்லது.