ஸ்கொட்லாந்துக்குத் தலைமை தாங்கிய கயானா வீரர்

1881ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் திகதி லண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்தை ஸ்கொட்லாந்து 6–1 என்ற கோல் கணக்கில் தோற்கடித்தது. சொந்த மண்ணில் அதைவிடப் பெரிய தோல்வியை இங்கிலாந்து உதைபந்தாட்ட அணி இன்றுவரை சந்தித்ததில்லை. அன்று வெற்றியணியின் தலைவராக விளங்கியவர் ஒரு கறுப்பினத்தவர். பிரித்தானியாவின் குடியேற்ற நாடாயிருந்த கயானாவின் டெமராராவில் 1856இல் பிறந்த அன்ட்ரூ வொட்சனே அவர்.

தந்தை கரும்புத் தோட்டங்களால் செல்வம் சேர்த்த ஸ்கொட்லாந்துக்காரர். தாய் ஹன்னா ரோஸ் கயானாவின் கறுப்பினப் பெண். சிறுவயதிலேயே மகனையும் மகளையும் தந்தை பிரித்தானியாவுக்கு அழைத்து வந்தார். 1869இல் அவர் இறந்தபோது வொட்சனுக்குப் பெருந்தொகை கிடைத்தது. உயர்ந்த பாடசாலைகளில் கற்கவும், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேரவும், ஊதியம் பெறாமல் விளையாடும் கனவான்களோடு சமமாக நிற்கவும் வழிசெய்தது அந்தப் பணந்தான். அது அடிமைகளின் உழைப்பில் வேர்கொண்ட செல்வம் என்பதை மறைப்பதற்கில்லை. அக்காலச் சமூகத்தில் வர்க்கம் நிறத்தைச் சற்றே மறைத்தது போலும். அவருடைய நிறத்தைவிட, வழமைக்கு மாறாக அவர் அணிந்த மண்ணிறப் பாதணிகளே பத்திரிகையாளர் ஒருவரின் கண்ணில் பட்டதாகக் கூறுவர்.

பல்கலைக்கழகப் படிப்பை ஓராண்டிலேயே கைவிட்ட அவர், பார்க்குரோவ் கழகத்திலும் 1880 முதல் அன்றைய பெருங்கழகமான குயின்ஸ் பார்க்கிலும் பின்கள வீரராக ஆடினார். கழகச் செயலாளராகவும் பணியாற்றினார். ஸ்கொட்லாந்துக் கிண்ணத்தை மும்முறை வென்றார். ஓவல் வெற்றிக்கு இரு நாட்களின் பின் வேல்ஸை 5–1 எனவும், மறு ஆண்டு இங்கிலாந்தை மீண்டும் 5–1 எனவும் ஸ்கொட்லாந்து வென்ற போட்டிகளிலும் அவர் ஆடினார்.

அத்தோடு அவரது சர்வதேச வாழ்வு முடிந்தது. தோல்வியோ காயமோ அதற்குக் காரணமல்ல. 1882இல் அவர் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். ஸ்கொட்லாந்தில் வசிப்போரை மட்டுமே அந்நாட்டுச் சங்கம் தெரிவு செய்தது. லண்டனில் ஸ்விப்ட்ஸ், கொரிந்தியன்ஸ் கழகங்களுக்காக ஆடினார். 1884இல் இங்கிலாந்துக் கிண்ணத்தைக் கைவசம் வைத்திருந்த பிளக்பேர்ன் ரோவர்ஸை கொரிந்தியன்ஸ் 8–1 என வென்றபோது அவரும் களத்திலிருந்தார். பிற்காலத்தில் கப்பல் பொறியியலாளராகப் பணியாற்றி, 1921 மார்ச் 8ஆம் திகதி லண்டனின் கியூ பகுதியில் நியூமோனியாவால் காலமானார்.

பின்னர் அவரை உலகம் மறந்தது. முதலாவது கறுப்பின வீரர் என்ற பெருமை, 1880களின் நடுப்பகுதியில் களம் கண்ட ஆதர் வார்ட்டனுக்கே நெடுங்காலம் அளிக்கப்பட்டது. வொட்சன் சிட்னியில் இறந்ததாகக்கூட நம்பப்பட்டது. கறுப்பின வீரர் ஒருவர் இங்கிலாந்து அணியின் முழுமையான சர்வதேசப் போட்டியில் முதன்முதலாக ஆட 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்கொட்லாந்தில் வொட்சனுக்கு அடுத்தவர் 2004இலேயே வந்தார். ரிச்மண்ட் மயானத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்த வொட்சனின் கல்லறை, அவர் மறைந்து நூறாண்டாகும் காலப்பகுதியிலேயே சீரமைக்கப்பட்டது.